பூட்டிய கோயிலும் ‘இரு தரப்பு’ என்னும் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி தொடங்கி ஆடி முடியும் வரையிலான திருவிழாக் காலத்தில், தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற ஒரு சிறு செய்தி ஆண்டுதோறும் வருகிறது. ஊரின் பெயரும் அம்மனின் பெயரும் மட்டும் மாறும். ‘வழிபாடு நடத்துவது தொடர்பாக இரு தரப்பினரிடையே பிரச்சினை ஏற்பட்டதை அடுத்து, கோட்டாட்சியர் தலைமையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடைபெற்றது, உடன்பாடு எட்டப்படாததால் கோயில் பூட்டிச் சீல் வைக்கப்பட்டது, அசம்பாவிதம் நேராமலிருக்கப் போலீஸார் குவிக்கப்பட்டுள்ளனர்.’ இவ்வளவுதான் செய்தி. வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த வாசகம் எங்கே பிறக்கிறது என்பதை நான் அறிவேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் தயாராகும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அது பிறக்கிறது. செய்தியாளர் அதை அப்படியே எடுத்து எழுதுகிறார். அத்தகைய குறிப்புகளை நானும் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரின் மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழாவுக்கு முன்பாக நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன். அந்த மக்கள் இன்னும் அங்கேதான் வாழ்ந்தாக வேண்டும். பட்டியல் சாதி மக்கள் வாழும் தெருவிலிருந்து வந்திருந்த கோரிக்கை, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுபோல, ‘எங்களைக் கோயிலுக்குள் விடுங்கள்’ என்பதாக இருக்கவில்லை. ‘எங்களிடமும் வரி வாங்குங்கள்’ என்பதே அவர்கள் கேட்டது. கிராமத்துத் திருவிழாவை அறிந்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும். காப்புக் கட்டுவதற்கு முன், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் வரி போடுவார்கள். வரி கொடுத்த வீட்டுப் பெண் முளைப்பாரி எடுக்கலாம். அந்த வீட்டு ஆண் தேர்வடம் பிடிக்கலாம். சாமி அந்தத் தெருவுக்கு வரும். திருவிழா முடிந்து கணக்கு வாசிக்கும்போது அந்த வீட்டார் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். ஒரு தெருவிடம் வரியே வாங்காமல் விட்டுவிட்டால், வாசலில் நின்று யாரையும் தடுக்க வேண்டிய அவசியமே நேராது. ‘வரக்கூடாது என்று யார் சொன்னது, அவர்கள் வரிக்காரர்கள் இல்லை’ என்று ஊர்ப்பெரியவர்கள் வெகு நிதானமாகச் சொன்னார்கள். சட்டம் தேடுகிற ‘தடுத்தல்’ என்னும் செயல், யார் கண்ணிலும் படாமல், திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே நடந்து முடிந்துவிட்டிருந்தது. தீண்டாமை, கொடுக்கும் பணத்தை வாங்க மறுப்பதாகவும் இருக்கும் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

கூட்டம் வட்டாட்சியரின் அறையில் நடந்தது. ஊரிலிருந்து வந்தவர்கள் முதலில் வந்துவிட்டதால் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. தெருவிலிருந்து வந்த ஏழு பேர் சுவரோரம் நின்றார்கள். நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. உட்காரும்படியும் யாரும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே நின்றார்கள். பள்ளித் தேர்வுகள் நடக்கின்றன, பந்தோபஸ்துக்கு ஆள் இல்லை, அருகில் வேறு இரண்டு ஊர்களிலும் திருவிழா இருக்கிறது என்று காவல் அதிகாரி கவலைப்பட்டார். அவர் கவலை பொய்யானதன்று. கடைசியில் நான் எழுதினேன்: ‘இரு தரப்பினரும் கலந்து பேசியதில், இந்த ஆண்டு திருவிழாவைப் பழைய வழக்கப்படி அமைதியான முறையில் நடத்துவதென்றும், மேற்படி கோரிக்கை குறித்து அடுத்த ஆண்டு பேசிக்கொள்வதென்றும் ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.’ அதைப் படித்துக் காட்டியபோது, நின்றிருந்தவர்களில் வயதான ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஒருமனதான்னு எழுதியிருக்கீங்களே சார், இதுல எங்க மனசு எது?” அறையில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு அவர் பெருவிரலை மையில் ஒற்றிக் கைநாட்டு வைத்தார்.

அந்தக் குறிப்பில் உள்ள பிழை எது என்பதை நான் புரிந்துகொள்ள வெகு காலமாயிற்று. ‘ஒருமனதாக’ என்ற சொல்லைக்கூட மன்னித்துவிடலாம். அலுவலகத் தமிழில் அது தானாகவே வந்து விழும் சொல். ‘இரு தரப்பினரும்’ என்ற தொடரில்தான் எல்லாம் கெட்டது. ஒரு வயலின் வரப்பு யாருடையது என்று இருவர் வழக்காடும்போது அவர்களை இரு தரப்பினர் என்று சொல்வது சரி. வரப்பு யாருடையது என்பது அதுவரை முடிவாகாத கேள்வி. கோயில் வாசல் அத்தகைய கேள்வியன்று. சென்னை மாகாணத்தில் 1947-லேயே கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வந்து, எல்லா வகுப்பைச் சேர்ந்த இந்துக்களும் கோயிலுக்குள் சென்று வழிபடும் உரிமை உடையவர்கள் என்று எழுதியாயிற்று. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; 25(2)(ஆ) பிரிவு, பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்ற அரசுக்கு அதிகாரம் தந்தது. 1955-ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, தீண்டாமையின் பேரால் ஒருவரை வழிபாட்டிடத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பது, ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைகள் தடுப்புச் சட்டம், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, கோயிலுக்குள் நுழைவதையும் சாமி ஊர்வலத்தில் பங்கேற்பதையும் தடுப்பதை வன்கொடுமையாகவே வகைப்படுத்தி, ஐந்து ஆண்டு வரை சிறைக்கு வழி செய்திருக்கிறது. ஆக, வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் உரிமை உடையவர். அந்தப் பக்கம் நின்று மறிப்பவர் குற்றம் செய்கிறவர். இருவரையும் ஒரே மேசையின் முன் அழைத்து ‘இரு தரப்பினர்’ என்று எழுதிய கணத்தில், அரசே அந்த உரிமையை ஒரு கோரிக்கையாகவும், குற்றத்தை ஒரு கருத்தாகவும் இறக்கி வைத்துவிடுகிறது.

இதில் நாடாளுமன்றம் செய்த ஒரு காரியம் பலருக்குத் தெரியாது. 1955-இன் சட்டம் முதலில் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்ற பெயரில் வந்தபோது, அதன் கீழ்வரும் குற்றங்களைச் சமரசமாக முடித்துக்கொள்ள இடம் இருந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தச் சமரசம் எப்படி நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் 1976-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், பெயரையும் மாற்றினார்கள், சமரசத்துக்கு இருந்த கதவையும் அடைத்தார்கள். நீதிமன்றத்தில்கூட ராஜியாகப் போக முடியாத ஒரு குற்றத்தை, நாங்கள் வட்டாட்சியர் அறையில் ஒரு தேநீர் செலவில் ராஜி செய்துகொண்டிருந்தோம். வன்கொடுமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. அந்தப் பிரிவை நான் பணியில் இருந்த காலத்தில் படித்ததுண்டு. அது வேறு யாரையோ பற்றியது என்றே நினைத்துக்கொண்டேன்.

சீல் வைக்கும் நடைமுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145, 146 பிரிவுகள், நிலமோ நீர்நிலையோ யாருடைய சுவாதீனத்தில் இருக்கிறது என்ற தகராறு அமைதிக் குலைவில் முடியுமென்று அஞ்சும்போது, நிர்வாக நடுவர் தலையிட்டு, தேவையானால் அச்சொத்தைக் கையகப்படுத்தி வைக்க இடம் தருபவை. 2024 ஜூலை முதல், அதற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 164, 165 என்று எண் மாறியிருக்கின்றன, சாரம் அதேதான். கோயிலுக்குச் சீல் வைக்கும் உத்தரவுகள் பெரும்பாலும் இந்தப் பிரிவையே பிடித்துக்கொண்டு வருகின்றன. ஆனால் பொங்கல் பானையுடன் வாசலில் வந்து நிற்கும் பெண், கோயிலின் சுவாதீனத்தைக் கேட்கவில்லையே. அவள் கேட்பது ஒரு கற்பூரத் தட்டு, ஒரு பிடி திருநீறு. சொத்துத் தகராறுக்கென்று செய்த பூட்டைக் கொண்டுவந்து வழிபாட்டு உரிமையின் மீது மாட்டுகிறோம். இதோடு இன்னொன்றும் உண்டு: கூட்டம் முறிந்த மறுநாள், ‘தெருவில் பத்துப் பேர் மீதும் ஊரில் பத்துப் பேர் மீதும் 107 போடுங்கள்’ (அதே சட்டத்தில் அமைதி காக்கப் பிணை கேட்கும் பிரிவு, இப்போது 126) என்று காவல் நிலையத்துக்குச் சொல்லப்படும். அமைதி காப்பதாகப் பிணை எழுதிக் கொடுக்கவேண்டியவர்களின் பட்டியலில், தடுத்தவரும் தடுக்கப்பட்டவரும் எண்ணிக்கை பிசகாமல் சமமாக இருப்பார்கள். அந்தச் சமத்துவம் ஒன்றை மட்டும் அரசு எந்தத் தயக்கமும் இல்லாமல் வழங்கிவிடும்.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஏப்ரலில் அங்கே திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே சென்ற பட்டியல் சாதியினர் தாக்கப்பட்டார்கள். பல சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தது. ஜூன் 7 அன்று கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில், நீதிமன்றம் தலையிட்ட பிறகு, பூசை செய்வதற்கு மட்டும் கதவு திறந்தது. மக்கள் உள்ளே வரக்கூடாது. 2025 ஏப்ரல் 17 அன்றுதான் அந்த மக்கள் காவல் பாதுகாப்புடன் உள்ளே சென்று வழிபட்டார்கள். சீல் வைத்த நாளிலிருந்து ஏறக்குறைய 22 மாதங்கள். அந்த 22 மாதங்களும் எவருக்கும் நுழைவு இல்லை, ஆகவே எவருக்கும் பாகுபாடு இல்லை என்று வாதிடுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் சிலர் என்னோடு பணியாற்றியவர்கள். தலைமுறை தலைமுறையாக உள்ளே சென்று வந்தவர்களுக்கு அந்தப் பூட்டு ஓர் இடைவேளை. உள்ளே சென்றே பார்த்திராதவர்களுக்கு அது பழைய நிலையின் தொடர்ச்சி. அதற்கு இம்முறை அரசாங்க முத்திரை கிடைத்தது என்பதே வேறுபாடு.

பூட்டப்பட்டது திரௌபதியின் கோயில் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வட தமிழகத்து ஊர்களில் அக்னி வசந்த விழாவின்போது பதினெட்டு நாள் பாரதம் படிக்கக் கேட்டு வளர்ந்தவன் நான். சபையின் நடுவே இழுத்துவரப்பட்ட அவள், தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டா என்று கேட்கிறாள். பீஷ்மர், தர்மம் மிக நுட்பமானது, இதற்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை என்கிறார். துரோணர் பேசவில்லை. கூத்தில் அந்தக் கட்டம் வரும்போது, கொட்டகையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் துச்சாதனனைத் திட்டுவதைவிட அதிகமாக அந்தப் பெரியவர்களைத் திட்டுவார்கள். அவளைத் தெய்வமாக வைத்துத் தீ மிதிக்கிற ஊரில், அவள் சந்நிதியில் எழுந்த கேள்விக்கு, அமைதி கருதி விடை சொல்லாமலிருக்கிறோம் என்று மாவட்ட நிர்வாகம் சொல்கிறது. மதத்தைப் பொதுவாழ்வுக்குள் கொண்டுவராதீர்கள் என்று அடிக்கடி சொல்கிறோம். இந்த ஒரு விஷயத்திலாவது அந்தக் கதை தெரிந்த ஒருவர் கோட்டாட்சியர் நாற்காலியில் இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

‘மத உணர்வு புண்படும்’ என்ற சொற்றொடர் இந்தக் கூட்டங்களில் தவறாமல் எழும். அது எப்போதும் ஒரு பக்கத்து உணர்வை மட்டுமே குறிக்கும். நின்றுகொண்டிருந்த அந்த ஏழு பேரில் மூவர் மாலை போட்டு விரதம் இருந்தவர்கள். ஒருவர் வீட்டில் குழந்தைக்கு அம்மை கண்டு குணமானதற்காக வேண்டுதல் பாக்கி இருந்தது. சொன்ன நாளில் செலுத்தாவிட்டால் தெய்வக் குற்றமாகிவிடும் என்று அவர் மனைவி அழுதுகொண்டிருக்கிறாளாம். இதையெல்லாம் அவர்கள் கூட்டத்தில் சொன்னார்கள். என் குறிப்பில் ஒரு வரியும் இடம்பெறவில்லை. நம்பிக்கை என்பது தடுப்பவர்களிடம் மட்டும் இருப்பதாகவும், நுழைய விரும்புகிறவர்களிடம் இருப்பது அரசியல் என்பதாகவும் ஒரு கணக்கு எங்கள் எல்லோர் தலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் ‘யாரோ தூண்டிவிடுகிறார்கள்’ என்றபோது அதை மட்டும் ‘விசாரணையில் தெரியவருகிறது’ என்று சேர்த்து எழுதினேன். ஒரு பெண்ணின் நிறைவேறாத வேண்டுதல் மத உணர்வு இல்லையென்றால், அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள் என்று இப்போது யோசிக்கிறேன்.

சமயத்தின் உள்ளிருந்தே இதற்கு விடை உண்டு என்பார்கள், நந்தனாரைக் காட்டுவார்கள். திருப்புன்கூரில் வெளியே நின்ற அவர் காணும்படி நந்தி விலகியதைச் சொல்லிப் பலர் உருகக் கேட்டிருக்கிறேன். எனக்கு இப்போது அந்தக் கதை வேறு மாதிரிப் படுகிறது. நந்தி விலகியது, அவர் நின்ற இடம் மாறவில்லை. அமைதிக் கூட்டத்தில் நாங்கள் தேடிய தீர்வெல்லாம் அந்த வகைதான்: தேர் உங்கள் தெருமுனை வரை வரும், நீங்கள் முனையில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், கும்பிட்டால் போதாதா, உள்ளே வந்துதான் கும்பிட வேண்டுமா.

அரைத் தீர்வுக்கு எவ்வளவு விலை என்பதை வைக்கம் காட்டியிருக்கிறது. 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய அந்தச் சத்தியாகிரகம் கோயிலுக்குள் செல்லக் கேட்டதுகூட இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கக் கேட்டது. பெரியார் அதற்காக இருமுறை சிறை சென்றார். காந்தியடிகள் நேரில் வந்து நம்பூதிரிகளிடம் பேசினார். 1925 நவம்பரில் வந்த உடன்பாட்டில் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் விலக்கப்பட்டது. எஞ்சியிருந்த ஒரு பக்கத்துக்கும், அதற்கப்பால் இருந்த வாசலுக்கும் 1936 நவம்பர் 12 அன்று வந்த திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பதினோரு ஆண்டுகள்.

மதுரையில் நடந்தது வேறு விதம். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றார். உடன் சென்றவர்களில் நாடார் ஒருவரும் இருந்தார். 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கில் இழுக்கப்பட்டு, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்ற சமூகம் அது. (அன்று வெளியே நிறுத்தப்பட்ட சமூகங்களின் பேரப்பிள்ளைகளில் சிலரே இன்று வேறு ஊர்களில் வாசலை மறித்து நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அது தனியே எழுதவேண்டிய விஷயம்.) பட்டர்களில் சிலர் கோயிலைப் பூட்டிவிட்டு விலகிக்கொண்டார்கள். நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு, பூட்டை அகற்றச் செய்து வழிபாட்டைத் தொடர வைத்தார். அவர் இரு தரப்பையும் அழைத்துக் கூட்டம் போட்டிருக்கலாம். சட்டம்கூட அன்று அவர் பக்கம் தெளிவாக இல்லை. அந்த ஆண்டில்தான் ராஜாஜி அமைச்சரவை, நுழைந்தவர்களையும் அதிகாரிகளையும் வழக்கிலிருந்து காப்பதற்கு விரைந்து சட்டம் செய்தது. இன்று சட்டம் முழுவதும் நம் பக்கம் இருக்கும்போது பூட்டைப் போடுகிறவராக அதிகாரி மாறியிருக்கிறார்.

தற்காலத்திலும் வேறு விதமாக நடந்திருக்கிறது. 2023 ஜனவரி 30 அன்று திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், மாவட்ட ஆட்சியரும் காவல் துறையினரும் உடன் சென்று, பல பத்தாண்டுகளாக உள்ளே விடப்படாத மக்களை அம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள். முதலில் நுழைவு, பிறகு பேச்சு என்ற வரிசையே எங்கும் பின்பற்றப்பட வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடுகிறது. நுழைந்த பிறகு நடக்கும் பேச்சில், உரிமை உண்டா இல்லையா என்ற கேள்வியே எழாது.

இதைச் சொல்வதால் அதிகாரிகளின் அச்சத்தை நான் ஏளனம் செய்வதாக எண்ண வேண்டாம். நான்கு காவலர்களை வைத்துக்கொண்டு, கூரை வீடுகள் நிறைந்த ஒரு தெருவுக்கு இரவு முழுதும் காவலிருந்த அனுபவம் எனக்கு உண்டு. ஒரு தீக்குச்சி போதும். நுழைவுக்குப் பின் வரும் நாள்கள் இன்னும் கடினமானவை: வயல் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், கடையில் சாமான் தரமாட்டார்கள், தெருவிலிருந்து பால் வாங்கமாட்டார்கள். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே வன்கொடுமைச் சட்டத்தின் கீழ்க் குற்றங்கள்தான் என்றாலும், பால் வாங்காதவர் மீது யார் வழக்குப் போடுவது? ஆகவே ஓர் இரவுக்கு, ஒரு வாரத்துக்குக்கூட, சிலவற்றை நிறுத்திவைக்கவேண்டி வரலாம். நான் சொல்வது, அந்தக் கட்டுப்பாடு யார் மீது விழவேண்டும் என்பது பற்றி. பிணை எழுதி வாங்குவதானால் மறிக்கிறவர்களிடம் வாங்கலாம். காவல் போடுவதானால் தெருவுக்கும் வயலுக்கும் போடலாம். கோயிலின் மீது போடும் பூட்டு, மறித்தவர் விரும்பியதையே அவருக்குப் பாதி கொடுத்துவிடுகிறது. இவர்கள் உள்ளே வரவில்லை என்ற அளவில் அவர் வெற்றியுடன் வீடு திரும்புகிறார்.

‘இது எங்கள் வகையறாக் கோயில், பொதுக்கோயில் அன்று’ என்ற வாதமும் உண்டு. அதைப் பொய் என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. உச்ச நீதிமன்றம் 1958-இல் வெங்கடரமண தேவரு வழக்கில் இதைத்தான் ஆராய்ந்தது. ஒரு சமயப் பிரிவுக்கென்று நிறுவப்பட்ட கோயிலேயானாலும், அது பொதுவழிபாட்டுக்குரியதாக இருக்கும்வரை, எல்லா வகுப்பினருக்கும் நுழைவு உண்டு என்றும், அந்தப் பிரிவினருக்கே உரிய சில சடங்குகளை மட்டும் அவர்கள் தமக்குள் நடத்திக்கொள்ளலாம் என்றும் தீர்ப்பளித்தது. நியாயமான எல்லைக்கோடு அது. ஆனால் கிராமத்தில், தண்டோரா போட்டு, பல தெருக்களிலும் வரி வாங்கி, எல்லோர் வயல் வழியாகவும் தேர் இழுத்துவிட்டு, ஒரு தெருவைப் பார்த்து மட்டும் வகையறா என்று சொல்வதை எந்தக் கோட்டுக்குள் அடக்குவது?

இது இந்துக் கோயில்களின் பிரச்சினை மட்டும்தான் என்று வேறு சமயத்தார் நிம்மதி அடையவும் இடமில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூர்த் தேவாலயத்தில் தலித் கிறிஸ்தவர்களின் சமத்துவக் கோரிக்கையை ஒட்டி 2008 மார்ச்சில் எழுந்த மோதலில், காவல் துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். அங்கே கோயில் நுழைவுச் சட்டம் செல்லாது. ஆனால் 17-ஆம் பிரிவு செல்லும். 1955-இன் சட்டமும், அதே சமயத்தைச் சேர்ந்த மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் எந்த வழிபாட்டிடத்துக்கும் பொருந்தும் வகையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கும் செய்திகளில் வந்த சொல் ‘இரு பிரிவினர்’ என்பதுதான்.

சொல்லைப் பற்றியே மீண்டும் மீண்டும் எழுதுகிறேன் என்று தோன்றலாம். பட்டியல் சாதி மக்களின் குடியிருப்பைக் குறிக்கும் ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு சொல் மாறியதால் ஒரு தெருவின் நிலை மாறிவிடாது என்று அப்போது பலர் சொன்னார்கள்; அதில் உண்மை உண்டு. ஆயினும் அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: கோப்பில் எந்தச் சொல் விழுகிறதோ, அதற்கேற்ற சட்டப்பிரிவே அடுத்த பக்கத்தில் வரும். ‘இரு தரப்பினர்’ என்று எழுதினால் 145 வரும், 107 வரும், பூட்டு வரும். ‘வழிபாட்டு உரிமை மறுக்கப்பட்டதாகப் புகார்’ என்று எழுதினால் முதல் தகவல் அறிக்கை வரும்.

எனவே தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் எளிது. இனி இத்தகைய செய்தி வரும்போது, அலுவலகம் தரும் வாசகத்தை அப்படியே அச்சிடாமல், யார் யாரைத் தடுத்தார்கள் என்பதை எழுவாயும் பயனிலையுமாக எழுதுங்கள். வழக்குப் பதிவாகியிருக்கிறதா, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், பதிவாகவில்லையென்றால் ஏன் என்று கோட்டாட்சியரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் கேட்டு அந்த விடையையும் வெளியிடுங்கள். கோயிலுக்குச் சீல் வைத்த செய்தியை வெளியிட்டால், அது எத்தனை நாள் பூட்டியிருக்கிறது என்பதை மாதம் ஒரு முறையாவது நினைவூட்டுங்கள். அந்தத் தெருவில் வரி வாங்கினார்களா என்பதையும் செய்தியாளர் கேட்க வேண்டும். கிராமத்தில் உண்மை அந்த வரிச் சீட்டில்தான் இருக்கிறது.

நான் எழுதிய குறிப்பு இருந்த கோப்பு, வைத்திருக்கவேண்டிய காலம் முடிந்து, இந்நேரம் அழிக்கப்பட்டிருக்கும். அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சில மாதங்களுக்கு முன் ஒரு திருமணத்தில் பார்க்க நேர்ந்தது. கைநாட்டு வைத்த பெரியவர் காலமாகிவிட்டாராம். இந்த ஆண்டு வரி வாங்கினார்களா என்று கேட்டேன். “அடுத்த வருசம் பேசிக்கலாம்னு சொல்லியிருக்காங்க சார்” என்றார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர் ஒருவர்